டிஜே நிகழ்வுப் பதிவுகளும் அவற்றின் ஒலி மூலத் தரமும்

ஆய்வின் எல்லை

நடன அரங்கிலோ வானொலி நிலையத்திலோ திறந்தவெளி விழாவிலோ, இசைத்தட்டுகளையும் கோப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் இடையறாது இணைத்து ஒலிக்கச் செய்பவரை டிஜே என்றும், அவர் ஒரே அமர்வில் நிகழ்த்தும் தொடர் இசையைச் செட் என்றும் இசையுலகம் வழங்கிவருகிறது. ஒரு செட்டில் ஒலிக்கும் பாடல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே வட்டாகவோ கோப்பாகவோ வேறிடத்தில் நிலைத்திருக்கக்கூடும். ஆயினும் அவற்றை எந்த வரிசையில் அடுக்கினார், ஒன்றை மற்றொன்றோடு எவ்வளவு நேரம் உடனொலிக்க விட்டார், எந்தக் கணத்தில் அடித்தள ஒலிகளைத் தணித்து மீண்டும் எழுப்பினார், ஆடுவோரின் மனநிலைக்கேற்ப வேகத்தை எவ்வாறு கூட்டினார் என்பனவெல்லாம் அந்த இரவோடு மறைந்துவிடுபவை. அவற்றுக்கு இசைக்குறிப்பு ஏடு எதுவும் கிடையாது. ஆதலால் செட்டின் ஒலிப்பதிவை நினைவுப்பொருளாக மட்டும் கருத இயலாது. அந்தக் கலைப்படைப்புக்கு எஞ்சும் ஒரே சான்று அதுவே.

அச்சான்றின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பதிவுகளைச் சேகரிப்போர் பலர் கோப்பின் பிட் வீதத்தை, அதாவது ஒரு நொடி இசையைக் குறிக்கச் செலவாகும் தரவின் அளவை, தரத்தின் முத்திரையாகக் கொள்கின்றனர். ஆனால் அந்த எண் பதிவு கடந்துவந்த பாதையின் கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்கிறது. டிஜே ஒலிக்கவிட்ட தட்டு அல்லது கோப்பு, அதை வாசித்த கருவி, மிக்ஸர், ஒலி கைப்பற்றப்பட்ட இடம், அது முதலில் பதிந்த ஊடகம், பின்னர் எடுக்கப்பட்ட படிகள், இறுதியில் உருவான கோப்பு என்னும் ஏழு கண்ணிகளைக் கொண்ட சங்கிலியே ஒலி மூலம் எனத்தக்கது. அச்சங்கிலியில் முந்தைய கண்ணியில் இழந்ததைப் பிந்தைய கண்ணி மீட்டுத் தருவதில்லை. எனவே தரம் என்பது பாதையின் வரலாறே என்பதும், அவ்வரலாறு ஒலியோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

ஒலி கைப்பற்றப்படும் இடங்கள்

நேரடிச் செட்டுகளின் பதிவுகள், ஒலி எங்கே கைப்பற்றப்பட்டது என்னும் அடிப்படையில் மூன்று வகைப்படும். மிக்ஸரின் மின்குறிப்பைக் கம்பிவழி நேராக எடுப்பது முதல் வகை. அரங்கில் ஒலிவாங்கி வைத்துக் காற்றில் வரும் ஒலியைப் பிடிப்பது இரண்டாம் வகை. வானொலியோ செயற்கைக்கோளோ இணையமோ வழியாக ஒலிபரப்பானதை வீட்டிலிருந்து பதிவது மூன்றாம் வகை.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இசை மூலங்களைக் கலக்கும் கருவியான மிக்ஸரில், அரங்க ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் முதன்மை வெளியீடு, டிஜே நிற்கும் மேடைக்கூண்டின் ஒலிபெருக்கிகளுக்குச் செல்லும் வெளியீடு, பதிவுக்கென்றே ஒதுக்கப்பட்ட வெளியீடு எனப் பல வாயில்கள் அமைந்திருப்பதுண்டு. இவற்றுள் பதிவு வெளியீடு பொதுவாக முதன்மை ஒலியளவுத் திருகுக்கு முன்னாலேயே பிரிவதால், இரவின் நடுவே அரங்க ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவின் மட்டம் மாறுவதில்லை. கம்பிவழிப் பதிவில் எதிரொலியும் கூட்டத்தின் இரைச்சலும் கலவாமையால், தட்டுகள் இணையும் நுட்பம் தெளிவாகக் கேட்கும். ஆயினும் கம்பிவழி எடுத்த எதுவும் குறையற்றது என்று கொள்வது தவறு. டிஜே ஆர்வமிகுதியால் மட்டமானிகளைச் சிவப்பு விளக்குவரை ஏற்றும்போது, அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகி, கரகரப்பு பதிவிலேயே பதிந்துவிடுகிறது. எண்மக் (டிஜிட்டல்) கருவிகளில் எண்ணின் உச்ச எல்லையைத் தாண்டிய அலைக்கு இடமே இல்லாமையால் அந்தச் சிதைவு மேலும் கடுமையானது. பெருவிழாக்களில் டிஜேயின் மிக்ஸரிலிருந்து எடுக்காமல் ஒலிப் பொறியாளரின் மேசையிலிருந்து எடுப்பின், அந்தத் திடலின் குறைகளை ஈடுசெய்ய அவர் செய்த அதிர்வெண் திருத்தங்களும், எடுத்த இடத்தைப் பொறுத்து, பதிவில் சேர்ந்துவிடக்கூடும்.

அரங்கப் பதிவின் இயல்பு வேறு. நடன அரங்குகளில் ஒலியழுத்தம் நூறு டெசிபலைத் தாண்டுவது வழக்கமாதலால், பேச்சைப் பதிய வடிவமைத்த சிறு ஒலிவாங்கிகள் திணறிச் சிதைவை உண்டாக்குகின்றன. சுவர்களில் பட்டுத் திரும்பும் தாழ் அதிர்வெண்கள் சில மூலைகளில் குவிந்தும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் நிற்பதால், ஒரே இரவில் ஒரே அரங்கில் இருவர் எடுத்த பதிவுகள்கூட அடித்தள ஒலியில் வேறுபடும். அதே வேளை, எந்தப் பாடலின் எந்த இடத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது, எந்த மாற்றத்தில் அரங்கு அடங்கியது என்பதற்கு இப்பதிவே சாட்சி.

கேசட்டும் திறந்த சுருள் நாடாவும்

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் நிழற்சாலையின் 1520ஆம் எண் குடியிருப்பில் 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க் நடத்திய கேளிக்கையை ஹிப்ஹாப் மரபின் தொடக்கமாகக் கொள்வர். அம்மரபின் முதல் வணிக இசைத்தட்டுகள் 1979இல்தான் வெளிவந்தன. ஆகவே இடைப்பட்ட ஆறாண்டுக் கால நிகழ்த்துகலைக்குக் கைக்குக் கை மாறிய கேசட் பதிவுகளே பெரும்பாலும் ஆதாரமாக உள்ளன. ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் எனப்படும் நடமாடும் ஒலிபெருக்கிக் குழுக்களின் இரவுகளும் இவ்வாறே கேசட்டில் பதிவாகி, கிங்ஸ்டனிலிருந்து லண்டன், நியூயார்க், டொராண்டோ ஆகிய நகரங்களில் குடியேறிய ஜமைக்கர்களிடம் சென்று சேர்ந்தன. இப்பதிவுகளில் தேய்மானமும் இரைச்சலும் மிகுதியாக இருந்தபோதிலும், வேறு சான்று இல்லாமையே அவற்றின் மதிப்பை நிர்ணயிக்கிறது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டில், 3.81 மில்லிமீட்டர் அகல நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அரங்குகளிலும் நிலையங்களிலும் பயன்பட்ட திறந்த சுருள் கருவிகளில் நாடா அகலமாகவும், நொடிக்கு 19 அல்லது 38 சென்டிமீட்டர் வேகத்திலும் ஓடியது. ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு நீள அகலக் காந்தப்பரப்பு கிடைக்கிறதோ அந்த அளவுக்கு உயர் அதிர்வெண்கள் தெளிவாகப் பதியும். பின்னணிச் சீறலும் தணியும். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் அரங்கில் லாரி லெவன் 1979இல் நிகழ்த்திய செட் ஒன்று, இருபது ஆண்டுகள் கடந்து, 2000ஆம் ஆண்டில் ஸ்ட்ரட் நிறுவனத்தால் குறுந்தகடாக வெளியிடத்தக்க நிலையில் இருந்தது. ஊடகமும் பாதுகாப்பும் ஓரளவேனும் வாய்த்தால் ஓர் இரவு அடுத்த தலைமுறையை அடையும் என்பதற்கு இது சான்று.

கேசட்டின் சீறலைக் குறைக்க, பதியும்போது மெல்லிய உயர் ஒலிகளைத் தூக்கியும் ஒலிக்கும்போது அதே அளவு தாழ்த்தியும் செயல்படும் டால்பி பி என்னும் முறை பயன்பட்டது. டால்பி இட்டுப் பதிந்த நாடாவை டால்பி இன்றி ஒலிக்கவிட்டால் உயர் ஒலிகள் கூசும். டால்பியின்றிப் பதிந்ததை டால்பியோடு ஒலிக்கவிட்டால் ஒலி மங்கும். உறையின்மேல் இதைக் குறித்துவைக்காத ஒரே காரணத்தால் இன்று தவறாக எண்மமாக்கப்பட்ட நாடாக்கள் பல. மேலும், 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடமே இருப்பதால், நாடாவைத் திருப்பும் இடைவெளியில் செட்டின் சில கணங்கள் நிரந்தரமாக இழக்கப்பட்டன.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு படியெடுத்தலில் நேர்ந்தது. ஏடு பார்த்து ஏடு எழுதியோரின் பிழைகள் வழிவழியாகப் பெருகியதைப் போல, ஒவ்வொரு படியிலும் புதிய சீறல் சேர்ந்தது; உயர் அதிர்வெண்கள் உதிர்ந்தன; ஓட்டக் கருவியின் வேகப் பிசகும் நடுக்கமும் முந்தையவற்றோடு கூடின. பிரிட்டனில் 1980களின் இறுதியில் எழுந்த ரேவ் எனப்படும் பெருந்திரள் இரவு நடனங்களில், பேன்டேசியா, டிரீம்ஸ்கேப், ஹெல்டர் ஸ்கெல்டர் போன்ற அமைப்பாளர்கள் தம் நிகழ்வுகளின் பதிவுகளைப் பல கேசட்டுகள் அடங்கிய பொதிகளாக விற்றனர். அவற்றின் மூலநாடா மிக்ஸரிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தாலும், விற்பனைக்கு வந்தவை திரளாகப் படியெடுத்த கேசட்டுகளே. நண்பர்களிடம் சென்றதோ அவற்றின் படிகள். ஆகவே கம்பிவழிப் பதிவு என்னும் ஒரே பெயரின் கீழ் மூலநாடாவும் நான்காம் தலைமுறைப் படியும் நிற்கக்கூடும். மேடையில் இசையின்மேல் பேசியும் பாடியும் கூட்டத்தை எழுப்பும் எம்சியின் குரல் ஒலிவாங்கி வழி மிக்ஸரில் கலந்ததால், ஜங்கிள் இசைப் பொதிகள் பலவற்றில் அது இசையைவிட உரக்கக் கேட்பதும் கைப்பற்றிய இடத்தின் விளைவே.

ஒலிபரப்பு வழிப் பதிவுகள்

வானொலியில் டிஜே செட்டுக்கு நிலையான இடம் கிடைத்த களங்களுள் சிகாகோ முதன்மையானது. அங்கு டபிள்யூபிஎம்எக்ஸ் நிலையத்தில் 1981 முதல் ஹாட் மிக்ஸ் 5 என்னும் டிஜே குழுவினர் தொடர்கலவைகளை ஒலிபரப்பினர். பிரிட்டனில் பிபிசி ரேடியோ 1 நிலையம் 1993 அக்டோபர் 30 அன்று, பீட் டாங் பொறுப்பில், எசென்ஷியல் மிக்ஸ் என்னும் இரண்டு மணிநேர நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதே காலத்தில் லண்டனின் கூல் எஃப்எம் போன்ற உரிமம் பெறாத நிலையங்களின் ஒலிபரப்புகளையும் கேட்போர் வீட்டுக் கேசட்டுகளில் பதிந்துவைத்தனர்.

பண்பலை ஒலிபரப்பில் இசையின் உயர் எல்லை 15 கிலோஹெர்ட்ஸ் ஆகும். இருதட ஒலியைப் பிரித்தறிய உதவும் வழிகாட்டித் தொனி 19 கிலோஹெர்ட்ஸில் அனுப்பப்படுகிறது. அத்தொனியைக் காக்க 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை நிலையத்திலேயே வடிகட்டப்படும். அன்றியும், கார்களிலும் சமையலறைகளிலும் கேட்போருக்காக, மெல்லொலியை உயர்த்தி வல்லொலியை அடக்கும் ஒலிமட்டக் குறுக்கத்தை நிலையங்கள் இட்டன. செட்டில் டிஜே படிப்படியாகக் கட்டியெழுப்பிய ஏற்றம் இதனால் சமதளமானது. பிபிசி தன் நிகழ்ச்சிகளை அலைபரப்பிகளுக்கு அனுப்பப் பயன்படுத்திய நிகாம் முறையும் நொடிக்கு 32,000 மாதிரிகளையே எடுத்தது. மாதிரி வீதத்தின் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை எந்த எண்மமுறையும் குறிக்க இயலாதாதலால், அங்கேயும் எல்லை 16 கிலோஹெர்ட்ஸுக்குள் நின்றது.

பின்னர் வந்த எண்ம வானொலி சீறலையும் அலை மங்குதலையும் நீக்கியபோதிலும், இழப்புச் சுருக்கம் என்னும் வேறு சிக்கலைக் கொண்டுவந்தது. செவி கவனிக்காது எனக் கணிக்கும் ஒலிக்கூறுகளை விட்டுவிட்டுத் தரவைக் குறைப்பதே இழப்புச் சுருக்கம். பிபிசி ரேடியோ 1 எண்ம வானொலியில் பயன்படுத்திய பழைய எம்பி2 முறைக்கு, நொடிக்கு 128 கிலோபிட் என்னும் வீதம் குறைவானது. கைச்சிலம்பின் கூர்மையும் தாளக்கட்டையின் தொடக்க அடியும் அதில் மழுங்கின. ஆகையால் ஒரே எசென்ஷியல் மிக்ஸின் பண்பலைப் பதிவு, எண்ம வானொலிப் பதிவு, செயற்கைக்கோள் பதிவு, இணையப் பதிவு ஆகிய நான்கும் நான்கு வகைக் குறைகள் கொண்டவை. நிலையத்துக்கு டிஜே அளித்த மூலநாடாவோ கோப்போ ஒலிபரப்புக்கு முன் நிலையிலேயே கிடைத்தால், அது இந்நான்கினும் மேலானது.

எண்ம ஊடகங்களும் இசைக்கப்பட்ட பொருளும்

சோனி 1987இல் வெளியிட்ட டாட் என்னும் எண்ம நாடா, 16 பிட் ஆழத்தில் நொடிக்கு 48,000 மாதிரிகள்வரை சுருக்கமின்றிப் பதிந்தது. அலையின் ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை படிநிலைகளில் அளக்கலாம் என்பதைக் குறிக்கும் பிட் ஆழம் 16 ஆயின், மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். கேசட் அதனருகே வர இயலாது. ஆயினும் நீண்ட ஓட்ட முறையில் டாட் 32,000 மாதிரிகளும் 12 பிட் ஆழமும் மட்டுமே கொண்டது. ஒரே நாடாவில் முழு இரவையும் அடக்க விரும்பியோர் அம்முறையைத் தேர்ந்தபோது, டாட் என்னும் பெயர் மட்டுமே உயர்தரமாக எஞ்சியது. 1992இல் வந்த மினிடிஸ்க், அட்ராக் முறையில் ஒலியை ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகச் சுருக்கியது. கையடக்கமானதாலும் மலிவானதாலும் அரங்குகளில் அது பரவினாலும், அதிலிருந்து எடுத்த எந்தக் கோப்பும் இழப்பற்ற மூலமாகாது.

கருவிகளின் தரத்தை ஆராயும்போது, டிஜே எதை ஒலிக்கவிட்டார் என்னும் முதல் கண்ணி மறக்கப்படுவதுண்டு. வினைல் தட்டு ஊசியின் தேய்மானத்தையும் தூசியின் வெடிப்பொலியையும் கொண்டுவருகிறது. பெரும் ஒலிபெருக்கிகளின் அதிர்வு மேசை வழியாக ஊசியை அடைந்தால், தாழ் அதிர்வெண்ணில் முழக்கம் எழுந்து பதிவிலும் நுழைகிறது. கோவாவின் கடற்கரை நடனங்களில், வெப்பத்தில் வினைல் வளைந்துபோகும் என்பதால் கேசட்டும் பின்னர் டாட்டும் டிஜேக்களின் இசைக்கருவிகளாயின. கோவா கில் இரண்டு டாட் கருவிகளைக்கொண்டே இசைத்தவர். அங்கே தட்டு ஓசை இல்லை. ஆனால் ஒலித்தது ஏற்கெனவே ஒரு படியாக இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2001இல் பயனியர் நிறுவனத்தின் சிடிஜே-1000 வந்தபின் குறுந்தகடும், அதன்பின் மடிக்கணினியும் நினைவுக்கோலும் மேடையேறின. இக்காலத்து டிஜே ஒருவர் 128 கிலோபிட் எம்பி3 கோப்பொன்றை ஒலிக்கவிட்டால், அதை 24 பிட் ஆழத்தில் எத்துணைச் சிறந்த கருவியால் பதிந்தாலும், அந்தப் பாடல் அளவில் பதிவின் தரம் 128 கிலோபிட்டைத் தாண்டாது. இரு எம்பி3 கோப்புகள் கலந்து ஒலித்து, அக்கலவை மீண்டும் எம்பி3 ஆகச் சுருக்கப்படும்போது இழப்பு இரட்டிக்கிறது.

கூற்றைச் சோதிக்கும் வழிகள்

பதிவின் தரம் பற்றிய கூற்றுகளைச் சரிபார்க்கச் சேகரிப்போர் பெரிதும் பயன்படுத்துவது நிறமாலை வரைபடம். நேரத்தைக் கிடையாகவும் அதிர்வெண்ணைச் செங்குத்தாகவும் வைத்து ஒலியின் வலிமையை நிறத்தால் காட்டும் இப்படத்தில், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தரித்தது போன்ற கிடைக்கோடு தெரிந்தால், அது ஒருகாலத்தில் 128 கிலோபிட் அளவு எம்பி3 ஆக இருந்திருக்கலாம் என்று ஐயுறலாம். 320 கிலோபிட் கோப்புகளில் அந்த எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸில் அமையும். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெறுமையும் 19 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய நேர்கோடும் இருப்பின் அது பண்பலை வழி வந்தது என்பது பெரும்பாலும் உறுதி. இழப்பின்றித் தரவைச் சுருக்கும் ஃபிளாக் என்னும் வடிவில் கோப்பு இருப்பது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. எம்பி3 கோப்பை ஃபிளாக் ஆக்கினால் பருமன் பெருகுமேயன்றி இழந்த ஒலி திரும்பாது.

இச்சோதனையின் வரம்பையும் அறிதல் வேண்டும். பழைய கேசட்டில் உயர் அதிர்வெண்கள் இயல்பாகவே குன்றியிருக்கும். ஆகவே அதன் நேர்மையான முதற்படியும் வரைபடத்தில் வறியதாகவே தோன்றும். மாறாக, சீறல் மிகுந்த நாடா 20 கிலோஹெர்ட்ஸ் வரை நிறைந்து காட்டும். அந்நிறைவு இசையன்று, இரைச்சல். செட்டின் நடுவே ஒரு பாடலில் மட்டும் 16 கிலோஹெர்ட்ஸ் எல்லை தோன்றி அடுத்த பாடலில் மறையுமாயின், குறை பதிவில் இல்லை, டிஜே ஒலித்த கோப்பில் உள்ளது என அறியலாம். வரைபடத்தைப் பார்த்து ஒற்றைத் தீர்ப்புக் கூறுவதைவிட, எந்தக் கண்ணியில் இழப்பு நேர்ந்தது என்று வினவப் பயன்படுத்துவதே முறை.

நாடாவின் வேகத்தைச் சரிசெய்தல் டிஜே பதிவுகளுக்கே உரிய கடினம் கொண்டது. மற்ற இசைப் பதிவுகளில், தெரிந்த பாடலின் சுருதியோடு ஒப்பிட்டு நாடா விரைவாக ஓடியதா மெதுவாக ஓடியதா என அறியலாம். டிஜேயோ பாடல்களின் தாளத்தைப் பொருத்துவதற்காகத் தட்டின் வேகத்தை வேண்டுமென்றே மாற்றுகிறார். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 கருவி அதைக் கூட்டவும் குறைக்கவும் 8 விழுக்காடு இடம் தந்தது. ஏறத்தாழ 6 விழுக்காடு மாறினாலே சுருதி ஓர் அரைச்சுரம் நகர்ந்துவிடுமாதலால், பாடலை மூலச் சுருதிக்குக் கொண்டுவருதல் டிஜேயின் கலையையே அழிப்பதாகிவிடும். அதனால் மீட்டெடுப்போர் இசைக்கு வெளியே உள்ள அளவுகோலைத் தேடுகின்றனர். பதிவில் மெல்லக் கேட்கும் மின்வழங்கல் முனகல் பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸிலும் இருத்தல் வேண்டும்; பண்பலைப் பதிவின் வழிகாட்டித் தொனியின் எச்சம் நாடாவில் பிழைத்திருந்தால் அது 19 கிலோஹெர்ட்ஸில் இருத்தல் வேண்டும். இவற்றின் விலகலே நாடாவின் பிழையைக் காட்டும். வீட்டில் பிற்காலத்தில் இரைச்சல் நீக்கி மெருகேற்றிய பதிவுகளில் இத்தடயங்களும் துடைக்கப்பட்டுவிடுவதால், திருத்தாத முதற்படியைக் காப்பது இன்றியமையாததாகிறது.

தெளிவும் அரங்கமும்

கம்பிவழிப் பதிவே சிறந்தது என்னும் கருத்து சேகரிப்போரிடையே வலுவானது. பாடல்களை அடையாளங்காணவும் இணைப்பு நுட்பத்தைக் கற்கவும் அதற்கு நிகரில்லை. ஆனால் டிஜே தன் முடிவுகளைத் தனிமையில் எடுப்பவரல்லர். அரங்கின் எதிர்வினையே அவருடைய அடுத்த தட்டைத் தேர்கிறது. அந்த எதிர்வினை இல்லாத பதிவு, உரையாடலில் ஒருவர் பேச்சை மட்டும் தருவதாகிறது. ஜெஃப் மில்ஸ் 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் அரங்கில் நிகழ்த்தி, மறு ஆண்டில் குறுந்தகடாக வெளிவந்த பதிவு இன்றளவும் போற்றப்படுவதற்குக் காரணம், மூன்று கருவிகளின் விரைந்த கையாட்சியோடு கூட்டத்தின் ஆரவாரமும், திருத்தப்படாத சிறு பிசகுகளும் அதில் இருப்பதுவே.

இரண்டையும் சேர்க்கும் கலவைப் பதிவு இதற்குத் தக்க விடை. மிக்ஸரின் மின்குறிப்பை ஒரு தடத்திலும் கூட்டத்தை நோக்கிய ஒலிவாங்கிகளை மற்றொரு தடத்திலும் பதிந்து, பின்னர் அளவறிந்து கலப்பது இம்முறை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், ஒலிபெருக்கியிலிருந்து 20 மீட்டர் தொலைவிலுள்ள ஒலிவாங்கியை அதன் ஒலி ஏறத்தாழ 58 மில்லிநொடி தாழ்ந்தே அடைகிறது. இத்தாமதத்தை ஈடுசெய்யாமல் கலந்தால் ஒவ்வொரு முரசடியும் இரண்டாகக் கேட்கும். தடங்களைத் தனித்தனியே காத்தால், இன்றைய கலவை குறைபட்டாலும் நாளை மீண்டும் கலக்க வழியுண்டு.

2010இல் லண்டனில் ஒரு வலைக்கேமராவோடு தொடங்கிய பாய்லர் ரூம், செட்டைக் காணொளியாக உலகெங்கும் நேரலையில் கொண்டுசென்றது. அதன்பின் பெருவிழாக்களின் நேரலைகளில் மேடையின் மின்குறிப்பும் கூட்டத்தின் ஒலியும் தனி மேசையில் கலக்கப்படுகின்றன. எனினும் நேயரை அடையும் ஒலி, தளத்தின் இழப்புச் சுருக்கத்துக்கும், சில தளங்களில் உரத்தலைச் சமப்படுத்தும் கணக்குக்கும் உட்பட்டது. நேரலையைப் பிடித்துவைத்த கோப்பு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முறை சுருக்கப்பட்டதாகவே இருக்கும். 2007இல் தோன்றிய சவுண்ட்கிளவுடும் 2008இல் தோன்றிய மிக்ஸ்கிளவுடும் செட்டுகளைப் பகிர எளிய வழி தந்தன. ஆனால் பதிப்புரிமைக் கோரிக்கைகளால் சவுண்ட்கிளவுடிலிருந்து ஏராளமான கலவைகள் நீக்கப்பட்டபோது, வேறு படி வைத்திராதோர் அவற்றை முற்றாக இழந்தனர். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் ஷாசாம் நுட்பத்தால் கலவையிலுள்ள பாடல்களை அடையாளங்கண்டு உரிமையாளர்களுக்குப் பங்கு தரும் ஏற்பாடு சட்டவழியைத் திறந்தாலும், பிராங்க்ஸ் கேசட்டுகளுக்கும் ரேவ் பொதிகளுக்கும் அது எளிதில் பொருந்தாது.

பாதுகாப்பின் முறை

இத்துறைக்கு முன்மாதிரி வேறோர் இசைமரபில் உள்ளது. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட், தன் நிகழ்ச்சிகளைப் பதிவோருக்கென்று 1984இல் தனி இருக்கைப் பகுதியே ஒதுக்கியது. அக்குழுவின் பதிவுகளைப் பரிமாறியோர், ஒலிவாங்கியின் பெயர், அது நின்ற இடம், பதிவுக்கருவி, ஒவ்வொரு படியும் எடுக்கப்பட்ட விதம், இறுதி வடிவம் ஆகியவற்றை வரிசையாக எழுதி ஒலியோடு இணைக்கும் வழக்கத்தை நிலைநாட்டினர். டிஜே செட்டுகளின் பரிமாற்றத்தில் கலைஞர் பெயர், அரங்கு, நாள், பிட் வீதம் ஆகியவற்றோடு குறிப்பு முடிந்துவிடுவது பெருங்குறை. எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனையாவது படி, டால்பி இருந்ததா, வேகம் திருத்தப்பட்டதா, இரைச்சல் நீக்கப்பட்டதா என்னும் ஐந்து வினாக்களுக்கான விடைகள் கோப்போடு செல்லுமாயின், பிற்கால ஆய்வாளர் ஒரே செட்டின் பல பதிவுகளை ஒப்பிட்டு மூலத்துக்கு நெருங்கியதை அறிய முடியும்.

இன்று பதிவோருக்கு வசதி மிகுதி. 24 பிட் ஆழத்தில் பதிந்தால், உச்ச மட்டத்துக்குக் கீழே தாராளமாக இடைவெளி விட்டுவைத்தாலும் மெல்லொலி இரைச்சலில் மூழ்குவதில்லை. அவ்வாறு பதிந்த ஒரு மணிநேர இருதட ஒலி, 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், ஒரு ஜிகாபைட் அளவே இடம் பிடிக்கும். ஆகவே சேமிப்பிடக் குறைவைக் காட்டி மூலத்தைச் சுருக்குவதற்கு இனி நியாயம் இல்லை. சுருக்கிய கோப்பு பகிர்வதற்குரியது, சுருக்காத கோப்பு காப்பதற்குரியது என்று இரண்டையும் வேறாகக் கொள்ள வேண்டும். காந்த நாடாக்களின் நிலையோ அவசரமானது. டாட் கருவிகளின் உற்பத்தியைச் சோனி 2005இல் நிறுத்திவிட்டது. நாடா பழுதின்றி இருப்பினும் அதை வாசிக்கும் கருவியும் பழுது நீக்குவோரும் அருகிவருகின்றனர்.

மேற்கண்ட மதிப்பாய்விலிருந்து பெறப்படுவது இது: ஒலித்தரத்துக்கு ஒற்றை ஏணி கிடையாது. பாடலறிய விரும்புவோர்க்குக் கம்பிவழிப் பதிவும், நிகழ்வறிய விரும்புவோர்க்கு அரங்கப் பதிவும், காலமறிய விரும்புவோர்க்கு ஒலிபரப்புப் பதிவும் தத்தம் வகையில் முதன்மையானவை. பிராங்க்ஸின் தேய்ந்த கேசட்டுக்கு எந்தத் தெளிவான பதிவும் மாற்றாகாது. எந்தப் பதிவாயினும், அதன் பாதை தெரிந்தால்தான் அதில் கேட்பது டிஜேயின் செயலா, அரங்கின் இயல்பா, ஊடகத்தின் குறையா என்று பிரித்தறிய இயலும். ஆகவே நாடாவோ மினிடிஸ்கோ கோப்போ கையில் வைத்திருப்போர், அதைத் திருத்தாமல் முழுமையாக எண்மமாக்கி, தாம் அறிந்த பாதைக் குறிப்பை அதனோடு எழுதிச் சேர்த்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்துக் காப்பதே, அரை நூற்றாண்டு கடந்த இந்நிகழ்த்துகலைக்கு இப்போது செய்யத்தக்க முதற்பணி.